நதிமூலம் தேடலாமா?

நதிமூலமும் ரிஷிமூலமும் பார்க்கலாகாது என்பது நம்மிடையே வழிவழியாக வழங்கிவரும் முதுமொழி. இரு கரையும் தழுவிவரும் ஆற்றைக் கண்டு கைகூப்புகிறவன், மலையேறிச் சென்று அதன் தொடக்கத்தைத் தேடினால் பாறையிடுக்கில் கசியும் சிறிது நீரையே காண்பான். கண்டபின் ஆற்றின்மீது அவனுக்கிருந்த மதிப்புக் குறைந்துவிடக்கூடும். முனிவர்க்கும் அவ்வாறே. அவர் யார் வயிற்றிற் பிறந்தார், எக்குடியினர் என்று கிளறுவதால் அவருடைய தவம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஆகவே கேளாதிருப்பதே பண்பு என்றனர் முன்னோர். பிறப்பைக் கேட்டறிந்த பின்னரே ஒருவரைத் திண்ணையில் அமர்த்துவதா, தெருவில் நிறுத்துவதா என்று முடிவு செய்து பழகிய சமுதாயத்தில், இந்த ஒரு தடை எத்தனையோ பேருடைய மானத்தைக் காத்திருக்க வேண்டும். இம்முதுமொழியை இரக்கத்தின்பாற்பட்டது என்றே நாம் நெடுங்காலமாகக் கருதி வந்திருக்கிறோம்.

ஆயினும் எல்லா மூலங்களுக்கும் இத்தடை பொருந்துமா என்னும் ஐயம், அமெரிக்கப் பெண்மணி ஒருவரின் குடிவழியைத் தேடிச் சென்ற ஆய்வு ஒன்றைப் பற்றிப் படிக்கையில் எழுகிறது. 2009 ஜனவரியில் பராக் ஒபாமா அந்நாட்டுக் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றார். அவருடைய தந்தை கென்ய நாட்டவர், தாய் வெள்ளை இனத்தவர் என்பது உலகறிந்த செய்தி. அவருடைய துணைவியார் மிஷெல் ஒபாமாவின் முன்னோரோ அமெரிக்க மண்ணிலேயே அடிமைகளாக உழைத்தவர்கள். அவ்வாண்டு அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அம்முன்னோருள் ஒருவரைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டது. மேகன் ஸ்மோலென்யாக் என்னும் குடிவழி ஆய்வாளர் பழைய ஏடுகளைத் துருவிக் கண்ட செய்திகள் அதற்கு அடிப்படை. மிஷெல் ஒபாமாவின் தாய்க்குத் தந்தை, அவருக்குத் தந்தை, அவருக்கும் தந்தையாகிய டால்ஃபஸ் ஷீல்ட்ஸ் என்பவரைப் பெற்றெடுத்தவர் மெல்வினியா. அவரே நாம் கூறவந்த பெண்மணி.

மெல்வினியா ஏட்டில் தோன்றுவது ஓர் உயிலில். தென் கரோலினா மாநிலத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன் என்னும் முதிய நிலக்கிழார் 1850-இல் தம் உடைமைகளை வாரிசுகளுக்குப் பங்கிட்டு எழுதிவைத்தார். நூல் நூற்கும் இராட்டைகள், அரிவாள்கள், மேசைவிரிப்புகள், கால்நடைகள் ஆகியவற்றோடு ஏறக்குறைய ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியும் அதில் இடம்பெற்றாள். 'நீக்ரோச் சிறுமி மெல்வினியா' என்னும் அளவோடு அவளைப் பற்றிய வரலாறு முடிந்தது. அவர் மறைந்தபின் சொத்துக்களுக்கு விலை மதித்தவர்கள் அவளுக்கு இட்ட மதிப்பு 475 டாலர்.

நம் அலுவலகங்களில் நாற்காலி, மேசை, அலமாரி முதலியவற்றைப் பதியும் ஏட்டுக்கு டெட் ஸ்டாக் ரிஜிஸ்டர் என்று பெயர். பொருளின் பெயர், எண்ணிக்கை, மதிப்பு, யார் பொறுப்பில் உள்ளது என்பனவே அதன் கட்டங்கள். உயிருள்ள குழந்தையை அத்தகைய பட்டியலில் ஏற்றிய எழுத்தர் ஒருவர் அன்று இருந்திருப்பார். அவர் கொடியவர் என்று கருதக் காரணமில்லை. வரிசை பிசகாமல், கூட்டல் தவறாமல், அழகிய கையெழுத்தில் எழுதி முடித்து வீடு சென்று தம் குழந்தைகளோடு உணவருந்தியிருப்பார். எழுத்து வேலையிலேயே வாழ்நாளைக் கழிக்கும் நம் போன்றோர் அந்த முகமறியாத மனிதரைச் சற்றே நினைத்துப் பார்ப்பது நன்று.

பேட்டர்சனின் மகளும் மருமகன் ஹென்றி ஷீல்ட்ஸும் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டா நகருக்கு அருகே, ஏறத்தாழ 200 ஏக்கர் நிலம் வைத்துப் பயிர் செய்து வந்தனர். சிறுமி அங்கு அனுப்பப்பட்டாள். பிறந்த இடமும் பழகிய முகங்களும் அத்துடன் அற்றுப்போயின. ஏறக்குறைய 1859-இல், பதினைந்து வயதை ஒட்டிய பருவத்தில், அவள் டால்ஃபஸைப் பெற்றாள். குழந்தையின் தந்தை வெள்ளையர். அவர் யார் என்பதை எந்த ஏடும் கூறவில்லை. கூற வேண்டிய தேவையும் அன்றைய சட்டத்தில் இல்லை. 1662-இலேயே வர்ஜீனியாக் குடியேற்றம் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. பிறக்கும் குழந்தை அடிமையா, உரிமையுடைய குடியா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது என்பது அதன் சாரம். ஆங்கிலேயரின் பொதுச்சட்டத்தில் குழந்தை தந்தைவழியே செல்லும். இந்த ஒரு வகையில் மட்டும் தாய்வழியைக் கொண்டனர். பிற தென்குடியேற்றங்களும் இவ்வழியையே பின்பற்றின. உடையவன் அடிமைப்பெண்ணிடம் பிறப்பித்த குழந்தையும் அவனுக்கே உடைமையாயிற்று. தந்தைக்குப் பொறுப்பில்லை, வரவு மட்டும் உண்டு. இத்தனை நுட்பமாகச் சட்டம் எழுதத் தெரிந்தவர்களுக்கு அதன் பொருள் தெரியாமல் இருந்திருக்குமா?

இத்தகைய பெண்ணின் குடிவழியைத் தேடுகிறவர் எவ்வாறு தேடுவார்? 1850, 1860 ஆகிய ஆண்டுகளின் குடிக்கணக்கில் அடிமைகளுக்கெனத் தனி அட்டவணை இருந்தது. அதில் உடையவரின் பெயர் உண்டு. அவருக்குக் கீழே அடிமையின் வயது, பால், நிறம் ஆகியன மட்டுமே இருக்கும்; பெயர் எழுதும் வழக்கம் இல்லை. 1865-இல் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தத்தால் அடிமைமுறை ஒழிந்தது. அதன்பின் 1870-இல் எடுத்த கணக்கிலேதான் தெற்கத்திக் கறுப்பின மக்கள் அனைவரும் பெயரோடு பதிவாயினர். பேரன் பேத்திகள் ஆண்டு ஆண்டாகப் பின்னோக்கிச் சென்று 1870 என்னும் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பது இதனாலேதான். அதற்கு அப்பால் செல்ல வேண்டுமாயின் தம் பாட்டியின் பெயரைத் தேடிப் பயனில்லை. பாட்டியை உடைமையாக வைத்திருந்தவரின் பெயரைத் தேட வேண்டும். அவருடைய உயில், வரிச்சீட்டு, விலைப்பட்டியல், அடமானப் பத்திரம் ஆகியவற்றின் ஓரங்களில் ஒரு முதற்பெயர் கிட்டினால் அதுவே பெரும்பேறு. இவற்றிடையே 1890-ஆம் ஆண்டுக் கணக்கு வேறு, 1921-இல் வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தில் நேர்ந்த தீ விபத்தால் பெரும்பாலும் அழிந்துபட்டது. ஆவணக் காப்பை வேண்டாத வேலை என்று எண்ணுவோர் இதனைக் கருத வேண்டும்.

1870-ஆம் ஆண்டுக் கணக்கில் மெல்வினியா நான்கு குழந்தைகளோடு காணப்படுகிறார். மூவர் கலப்பினத்தவர் என்று குறிக்கப்பட்டுள்ளனர். ஒரு குழந்தை அடிமைமுறை ஒழிந்து நான்கு ஆண்டுகள் கழித்துப் பிறந்தது. அவர் அப்போதும் பழைய இடத்தை விட்டு நீங்கவில்லை. ஹென்றி ஷீல்ட்ஸின் மகன் சார்ல்ஸின் நிலத்தை அடுத்த நிலத்தில் கூலிவேலை செய்து வந்தார். குழந்தைகளுக்கு ஷீல்ட்ஸ் என்னும் குடும்பப் பெயரையே வைத்திருந்தார். அவர் மறைந்தது 1938-இல், தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில். உறவினர் ஒருவர் கையொப்பமிட்ட இறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'தெரியாது' என்று எழுதப்பட்டுள்ளது.

இந்த ஒரு சொல்லின்மீது நாம் சற்று நிற்க வேண்டும். படிவங்களை நிரப்பியும் நிரப்புவித்தும் பழகியவர்க்கு 'தெரியாது' என்பதன் வேறுபாடுகள் நன்கு விளங்கும். கேட்டறிய முயலாதவனின் தெரியாது ஒன்று. தெரிந்தும் சொல்ல விரும்பாதவரின் தெரியாது மற்றொன்று. கைம்பெண் ஒருவர் ஓய்வூதியப் படிவத்தில் ஏதோ ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுத் தலைகுனிந்து நிற்கும்போது, நல்ல அலுவலர் அதற்குமேல் கேட்கமாட்டார். மூன்றாவது வகை இவ்விரண்டிலும் அடங்காதது. தெரிந்துகொள்ள முடியாதபடி பிறரால் செய்யப்பட்டவரின் தெரியாது அது. சிறு வயதில் மாநிலம் கடந்து அனுப்பப்பட்ட குழந்தை தாயின் பெயரை எவ்வளவு காலம் நினைவில் வைத்திருக்க இயலும்? நினைவில் இருந்ததோ, இருந்தும் பிள்ளைகளிடம் சொல்லவில்லையோ, சான்றிதழ் எழுதியவர்க்கு அதுபற்றிக் கவலையில்லை. மூன்று வகைக்கும் படிவத்தில் ஒரே சொல்தான்.

நம் முதுமொழி காப்பது இரண்டாம் வகையினரை. சொல்ல விரும்பாதவரைச் சொல்லச் சொல்லி வருத்தாதே என்பது அதன் கருத்து. ஆனால் அதே முதுமொழியை மூன்றாம் வகையினர்மீது ஏற்றினால் யாருக்கு நன்மை? மெல்வினியாவுக்கு அதனால் ஒன்றும் கிடைக்கப்போவதில்லை. பெயர் எழுதாமல் நழுவிய மனிதருக்கே அது குடை பிடிக்கிறது. மேலிருப்பவன் கீழிருப்பவனை நோக்கி உன் பிறப்பு என்ன என்று கேட்பதும், பறிகொடுத்தவன் பறித்தவனுடைய ஏட்டைத் திறந்து என் பாட்டி எங்கே என்று கேட்பதும் ஒரே கேள்வி ஆகா. முன்னதைத் தடுக்கப் பிறந்த மொழி பின்னதையும் தடுக்குமாயின் அதனை அங்கே நிறுத்திவிடுவதே முறை என்பது நம் எண்ணம்.

இதற்கு எதிராக எழும் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. மெல்வினியா அம்மையார் தம் மகனின் தந்தையைப் பற்றி வெளிப்படப் பேசியதாகச் செய்தியில்லை. அவர் பேசாததை 70 ஆண்டுகளுக்குப் பின் நாளிதழின் முதற்பக்கத்தில் போடலாமா? இறந்தவர்க்கு மானம் இல்லையா? மிஷெல் ஒபாமாவும் அவருடைய குடும்பத்தாரும் 2009-இல் இதுபற்றிக் கருத்துரைக்கவில்லை. தனிப்பட்ட செய்தி என்பது அதற்கு ஒரு காரணம். அதுவும் மதிக்கத்தக்க நிலையே. அமெரிக்க அரசு குடிக்கணக்குத் தாள்களை 72 ஆண்டுகள் மறைவாக வைத்துப் பின்னரே பொதுமக்கள் பார்வைக்கு விடுகிறது; 1950-ஆம் ஆண்டுக் கணக்கு 2022-இல் வெளியாயிற்று. ஒருவருடைய மறைபொருள் 72 ஆண்டுகளில் காலாவதியாகிறது என்று எந்த அறநூலும் கூறவில்லை. ஆயினும் எங்கேனும் ஓரிடத்தில் கோடு கிழிக்காவிட்டால் வரலாறு என்பதே இல்லாமற்போகும். அரசுக்கு ஓர் எண் தேவைப்பட்டது, எழுதிவிட்டது. அதனை அறத்தின் அளவுகோலாகக் கொள்வதற்கில்லை.

இவ்வாதத்துக்கு விடை மெல்வினியாவின் வாழ்க்கையிலேயே கிடைக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது. முப்பதுகளிலோ நாற்பதுகளிலோ அவர் ஷீல்ட்ஸ் குடும்பத்து நிலத்தை விட்டு நீங்கி, ஜார்ஜியாவின் வடமேற்கே அலபாமா எல்லையை நெருங்கிய பார்ட்டோ மாவட்டத்துக்குச் சென்றார். அங்கு அவர் சேர்ந்துகொண்டது யாரோடு? பேட்டர்சன் பண்ணையில் தம்முடன் அடிமைகளாக இருந்த மரையா, போலஸ் ஈஸ்லி ஆகியோரோடு. குழந்தைப் பருவத்துக்குப்பின் ஏறத்தாழ கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. எழுதப் படிக்கக் கற்பிக்கப்படாத மக்கள். தந்தியோ அஞ்சலோ அவர்களுக்கு எளிதில் எட்டாதவை. அவ்வாறிருந்தும் ஒருவரையொருவர் கண்டுபிடித்துச் சேர்ந்திருக்கின்றனர். பிற்பாடு டால்ஃபஸ், ஈஸ்லி குடும்பத்துப் பெண்ணான ஆலிஸை மணந்தார். தம் இளமையை அறிந்த இருவரைத் தேடிச் சென்று அவர்களையே சம்பந்திகளாக்கிக்கொண்ட பெண்மணி, மூலம் தேடுவதை வெறுத்தவராக இருந்திருக்க மாட்டார். எந்த மூலத்தைத் தேட வேண்டும், எதனை விட வேண்டும் என்று அவர் தாமே தெரிந்தெடுத்தார்.

அவர் ஒருவர் மட்டும் அல்லர். அடிமைமுறை ஒழிந்தபின் விடுதலை பெற்ற மக்கள் முதலில் செய்த செயல்களுள் ஒன்று, விற்கப்பட்டுப் பிரிந்த உறவினரைத் தேடியது. நியூ ஆர்லியன்ஸ் நகரிலிருந்து வந்த சௌத்வெஸ்டர்ன் கிறிஸ்டியன் அட்வகேட் என்னும் வார இதழ், 1870-களின் இறுதியிலிருந்து 'தொலைந்துபோன நண்பர்கள்' என்னும் பகுதியை நடத்தி வந்தது. சந்தாதாரர்க்குக் கட்டணமில்லை, பிறர்க்கு 50 சென்ட். என் தாயின் பெயர் இது, எங்களை உடையவர் இன்னார், இன்ன ஆண்டில் இன்னாருக்கு விற்றார், அதன்பின் பார்க்கவில்லை என்னும் பாங்கில் மடல்கள் வரும். போதகர்கள் அவற்றைத் தேவாலய மேடையிலிருந்து படித்துக் காட்டுமாறு இதழ் கேட்டுக்கொண்டது. பிரிந்து இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தும் மடல்கள் வந்தன. தேடுதல் என்பது பேரப்பிள்ளைகளின் பொழுதுபோக்காகத் தொடங்கியதன்று என்பதற்கு இவை போதும்.

இனி மறுபக்கத்தாரைப் பற்றியும் கூறவேண்டும். 2012-இல் ரேச்சல் ஸ்வார்ன்ஸ் இக்குடும்பத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். கறுப்பின ஷீல்ட்ஸ் வழியினரும் வெள்ளையின ஷீல்ட்ஸ் வழியினரும் தந்த மாதிரிகளை மரபணுச் சோதனை செய்ததில் இரு குடும்பங்களும் ஒரே குருதியின என்று தெரிந்தது. டால்ஃபஸின் தந்தை பெரும்பாலும் ஹென்றியின் மகன் சார்ல்ஸ் மேரியன் ஷீல்ட்ஸாகவே இருக்க வேண்டும் என்பது ஆய்வின் முடிவு. வெள்ளையின வழியினருள் சிலர் சோதனைக்கு மனமுவந்து முன்வந்தனர். வேறு சிலர் தயங்கினர். முன்னோர் செய்ததற்காகத் தம்மை ஊரார் பழிப்பரோ என்னும் அச்சம்.

அவ்வச்சம் நகைக்கத்தக்கதன்று. தந்தையின் கடனை மகன் தீர்ப்பது அவனுடைய அறக்கடமை என்பது மிதாட்சர மரபில் நெடுங்காலம் நிலைத்த கொள்கை. 2005-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் அதன்பின் ஏற்படும் கடன்களைப் பொறுத்தவரை அதற்கு முடிவு கட்டியது. ஆனால் பழைய நூலார் அக்கொள்கைக்குள்ளேயே ஒரு விலக்கு வைத்திருந்தனர். குடிக்கும் சூதுக்கும் காமத்துக்கும் தந்தை பட்ட கடன் மகனைக் கட்டாது. எவ்வளவு நயமான விலக்கு! தந்தையின் தீயொழுக்கத்துக்கு மகன் விலை கொடுக்க வேண்டியதில்லை என்று அவர்கள் கண்டிருக்கின்றனர். இவ்வகையில் பார்த்தால் இன்றைய வெள்ளையின வழியினர்க்குக் குற்றமில்லை. ஆயினும் கடன் கட்டாது என்று தீர்ப்புப் பெற்றவனுக்குக் கணக்கேட்டைக் கிழிக்கும் உரிமை வந்துவிடுவதில்லை. ஏடு அவனுடையது மட்டும் அன்று. எதிர்ப்பக்கத்தில் மற்றொருவர் கணக்கும் இருக்கிறது. தயங்கியவர்களை நாம் பழிக்கவில்லை. முன்வந்தவர்கள் செய்தது கூடுதலான நன்மை என்று மட்டும் கூறுவோம். ஷீல்ட்ஸ் பண்ணை இருந்த பகுதியாகிய ரெக்ஸ் என்னும் ஊரில் 2012-இல் மெல்வினியாவுக்கு நினைவுக்கல் நாட்டப்பட்டபோது இரு வழியினரும் வந்து கூடினர்.

மரபணு ஒரு பெயரைச் சுட்டியதோடு எல்லாம் தெரிந்துவிட்டதாக எண்ணுவோரும் உளர். 1859-இல் நடந்தது என்ன, 1869-இல் நடந்தது என்ன என்பவற்றை எந்தச் சோதனைக் குழாயும் கூறாது. உடைமையாக எழுதப்பட்ட பதினைந்து வயதுச் சிறுமிக்கு மறுக்கும் உரிமை இல்லை. மறுக்க முடியாதவரின் உடன்பாட்டை உடன்பாடு என்று கொள்வதற்கில்லை. விடுதலைக்குப்பின் நிகழ்ந்ததற்குப் பெயர் வேறாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பசியும் பழக்கமும் போக்கிடமின்மையும் அங்கே எவ்வளவு இருந்தன, வேறு ஏதேனும் இருந்ததா என்று அளக்க நம்மிடம் கோல் இல்லை. இதனைக் காதற்கதையாக்கிப் பார்க்க விரும்புவோர்க்கு ஒன்று கூறலாம். அவர் இறுதியில் சென்று வாழ்ந்தது ஈஸ்லி குடும்பத்தாரோடு. தேடுதலுக்கு ஓர் எல்லை வேண்டும் என்றால் அதனை இவ்விடத்தில் வைக்கலாம்: ஏடு கூறுவதைக் கேட்கலாம், மனத்தினுள் புகுந்து எழுதலாகாது.

டால்ஃபஸ் தச்சுத்தொழில் கற்று, அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில் சொந்த வீடும் தொழிலும் அமைத்து, தேவாலயங்கள் நிறுவத் துணைநின்று, 1950-இல் 91 வயதில் காலமானார். அவருடைய மறைவுச் செய்தி அந்நகரத்துக் கறுப்பினச் செய்தித்தாளின் முதற்பக்கத்தில் வந்தது. இரயில் உணவுப் பெட்டியிலும் உயர்கல்வியிலும் இன ஒதுக்கலுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் அதே இதழில் தலைப்புச் செய்தியாக வெளியாயிற்று. அவர் தம் எள்ளுப்பேத்தியின் வீட்டைப் பற்றி அறிந்திருக்க வழியில்லை.

ஆய்வு கண்டறிந்து கூறியது டால்ஃபஸின் தந்தையை. 1938-ஆம் ஆண்டுச் சான்றிதழ் கேட்டது மெல்வினியாவின் பெற்றோரை. அவ்விடத்தில் பழைய சொல் அப்படியே இருக்கிறது. 1865 முதல் 1872 வரை இயங்கிய விடுதலை பெற்றோர் அலுவலகத்தின் எழுத்தர்கள் கூலி ஒப்பந்தம், உணவுப் பங்கீடு, திருமணப் பதிவு, மருத்துவமனைக் குறிப்பு என்று எழுதிக் குவித்த தாள்களில் ஏறக்குறைய 18 இலட்சம் பெயர்கள் உள்ளன. 2015, 2016 ஆகிய ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான தொண்டர்கள் அவற்றை ஒவ்வொன்றாகப் படித்துப் பெயர்ப்பட்டியல் ஆக்கியிருக்கின்றனர். தென் கரோலினாத் தாள்களும் அவற்றுள் உண்டு. குழந்தையைப் பிரிந்த தாய் ஒருத்தி பல ஆண்டுகளுக்குப்பின் உயிரோடிருந்து, பங்கீட்டு மாவு வாங்க வரிசையில் நின்று, எழுத்தரிடம் தன் பெயரைச் சொல்லியிருக்கவும் கூடும்.